எலெக் தட்டில் கோடு விழவில்லை: குறை பாக்டீரியாவிடமா, நம் ஆய்வகத்திடமா?

செவ்வந்தி (நுண்ணுயிரியல், முதுநிலை இரண்டாம் ஆண்டு)

அனைவருக்கும் வணக்கம். தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) ஐயத்தில் வந்த, பள்ளி செல்லும் வயதுக் குழந்தை ஒன்றின் தொண்டை ஸ்வாப்பை எங்கள் ஆய்வகத்தில் வளர்த்தோம். டெல்லுரைட் ஊடகத்தில் கரிய புள்ளிகளாகக் கூட்டங்கள் வந்தன. ஆல்பர்ட் சாயத்தில் சீன எழுத்துகளைப் போல் சிதறிக் கிடந்த தண்டுகளையும் அவற்றின் நுனிகளில் கருத்த மணிகளையும் பார்த்தேன். பி.சி.ஆர். சோதனையில் டிப்தீரியா நச்சின் மரபணு இருப்பது தெரிந்தது. ஆனால் அந்த நச்சு உண்மையில் சுரக்கப்படுகிறதா என்று காட்டும் எலெக் தட்டில் 48 மணி நேரம் கழித்தும் கோடு எதுவும் விழவில்லை. பக்கத்தில் இட்ட பாசிட்டிவ் கட்டுப்பாட்டுக்கு, அதாவது நச்சு சுரக்கும் என்று முன்பே தெரிந்த பாக்டீரியாவுக்கு, தெளிவான கோடு வந்திருந்தது.

மரபணு இருந்தும் நச்சைச் சுரக்காத வகையாக இருக்கும் என்று ஒரு மூத்தவர் சொல்கிறார். ஊடகத்தில்தான் கோளாறு என்று இன்னொருவர் சொல்கிறார். பாக்டீரியாவின் இயல்பையும் ஆய்வகச் சூழலின் விளைவையும் எப்படிப் பிரித்தறிவது என்று அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

வெள்ளைக்கோடு (ஆய்வக நுட்பநர், பணி ஓய்வு)

வணக்கம் அம்மா. முதலில், கேள்விக்கு வெளியே உள்ள ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தொண்டையில் சாம்பல் நிறப் பொய்ச்சவ்வைப் பார்த்த மருத்துவர் நம் தட்டுக்காகக் காத்திருக்கக் கூடாது, நல்ல மருத்துவர் காத்திருக்கவும் மாட்டார். நச்சு செல்லுக்குள் நுழைந்த பிறகு நச்சுமுறி சீரத்தால் அதைத் தொட முடியாது என்பதால், ஐயம் எழுந்த அன்றே சீரம் செலுத்தப்பட வேண்டும்.

இனி உங்கள் தட்டு. பாசிட்டிவ் கட்டுப்பாடு என்று எழுதியிருக்கிறீர்கள், அது எது? என்.சி.டி.சி. (பிரிட்டனின் பாக்டீரியாச் சேகரிப்பகம்) 10648 என்றால் அது நச்சை வாரி வழங்கும் ஸ்ட்ரெயின் (பாக்டீரியாவின் உள்வகை). அரைகுறையான தட்டில்கூட அது கோடு போட்டுவிடும். மிகக் குறைவாக நச்சு சுரக்கும் 3984 என்ற ஸ்ட்ரெயினையும் அதே தட்டில் கீற்றினீர்களா? எலெக் சோதனையில் மூன்று கட்டுப்பாடுகள் கேட்கப்படுகின்றன: நிறையச் சுரப்பது, கொஞ்சமாகச் சுரப்பது, சுரக்கவே சுரக்காதது. நடுவில் உள்ளதை விட்டுவிட்டால் உங்கள் தட்டு எவ்வளவு சிறிய அளவைக் காணும் திறனுடையது என்பதைச் சொல்ல ஆளில்லாமல் போகும்.

ஸ்டீபன் எலெக் 1940களின் இறுதியில் வெளியிட்ட முறை இது. நச்சுமுறியில் நனைத்த வடிதாள் பட்டையை ஊடகத்தில் பதித்து, அதற்குக் குறுக்காகப் பாக்டீரியாவைக் கோடாக இழுக்கிறோம். பட்டையிலிருந்து நச்சுமுறியும் பாக்டீரியாவிலிருந்து நச்சும் ஊடகத்தில் ஊறிப் பரவி, இரண்டும் தக்க விகிதத்தில் சந்திக்கும் இடத்தில் மட்டும் வெண்மையான வீழ்படிவுக் கோடு சாய்வாகத் தோன்றும். அந்தத் தக்க விகிதம் என்பதை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று மிகையாகவும் மற்றது குறைவாகவும் இருந்தால், இரண்டுமே தட்டில் இருந்தாலும் கண்ணுக்கு ஒன்றும் புலப்படாது. ஆகவே கோடு விழவில்லை என்பதற்கு நச்சு இல்லை என்று நேராகப் பொருள் கொண்டுவிட முடியாது.

நச்சுமுறி எந்தப் பேட்ச், எப்போது திறந்தது, எங்கே வைத்திருந்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

ஏடுபுரட்டி

பாக்டீரியாவா ஆய்வகமா என்ற இந்தக் கேள்வி டிப்தீரியா நச்சுக்குப் பிறப்பிலேயே ஒட்டிக்கொண்டது என்பதால் சற்றுப் பின்னே போகிறேன்.

1884இல் பிரெடரிக் லோஃப்லர் இந்தப் பாக்டீரியாவைத் தனியே வளர்த்தபோது, கிருமி தொண்டையிலேயே தங்கியிருக்க இதயமும் நரம்புகளும் எப்படிப் பழுதாகின்றன என்ற புதிரைக் கண்டு, கரைந்து பரவும் ஏதோ ஒரு நஞ்சு இருக்க வேண்டும் என்று ஊகித்தார். பாரிசின் பாஸ்டர் நிலையத்தில் எமில் ரூவும் அலெக்சாந்தர் யெர்சினும் 1888இல் அந்த ஊகத்தை நிறுவினார்கள். பாக்டீரியா வளர்ந்த திரவத்தைப் பீங்கான் வடிகட்டியில் வடித்து, கிருமி ஒன்றுகூட இல்லாத அந்த வடிநீரே விலங்குகளில் நோயை உண்டாக்குவதைக் காட்டினார்கள். அவர்களுடைய தொடக்க வடிநீர் மிக வலுக்குறைந்ததாக இருந்தது. அதோடு கைவிட்டிருந்தால், இந்தப் பாக்டீரியா நச்சைச் சுரப்பதில்லை என்று முடிவுகட்டியிருப்பார்கள். நீங்கள் இப்போது நிற்கும் இடமும் அதுதான்.

அடுத்து வந்த சிக்கல் இதைவிடச் சுவையானது. 1890இல் பெரிங்கும் கிட்டசாட்டோவும் நச்சுமுறியைக் கண்டறிந்து, அதைக் குதிரைகளின் இரத்தத்திலிருந்து எடுக்கும் வழக்கம் வந்த பிறகு, எந்தக் குதிரையின் சீரம் எவ்வளவு வலியது என்று அளக்க வேண்டியிருந்தது. இன்ன அளவு நச்சை முறிப்பது ஒரு அலகு என்று வைத்துக்கொண்டார்கள். ஆனால் அளவுகோலாக வைத்த நச்சே அலமாரியில் இருக்க இருக்க மாறியது. படிக்கல்லே தேய்ந்துகொண்டிருந்தால் கடைக்காரர் எதை வைத்து நிறுப்பார்?

பால் எர்லிக் 1897இல் இந்த முடிச்சை அவிழ்த்தார். பழைய நச்சு விலங்கைக் கொல்லும் திறனை இழந்திருந்தது, ஆனால் நச்சுமுறியோடு பிணையும் திறனை இழக்கவில்லை. கொல்வது மூலக்கூறின் ஒரு பகுதி, பிணைவது வேறொரு பகுதி என்று அவர் ஊகித்தார். கொல்லும் திறன் போய்ப் பிணையும் திறன் எஞ்சியதற்கு டாக்ஸாய்டு என்று பெயரிட்டார். நச்சை அளவுகோலாக வைப்பதை விடுத்து, நச்சுமுறியை உலர்த்தி, காற்று நீக்கிய கண்ணாடிக் குழாய்களில் ஈரமும் ஒளியும் வெப்பமும் படாமல் வைத்து, அதையே நிலையான அளவுகோலாக்கினார். 1922இல் பன்னாட்டுத் தரம் நிறுவப்பட்டபோதும் இந்த அடிப்படைதான் கைக்கொள்ளப்பட்டது.

செவ்வந்தி

வெள்ளைக்கோடு ஐயாவுக்கு: நாங்கள் இட்டது 10648 மட்டும்தான். 3984 எங்களிடம் உறைநிலையில் இருக்கிறது. ஆனால் அதைச் செயற்படுத்தி மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன. நச்சுமுறி ஏறத்தாழ ஏழு மாதங்களுக்கு முன் திறந்த குப்பி. அது குளிர்ப்பெட்டியின் கதவுத் தட்டில் இருந்தது. இடையில் குளிர்ப்பெட்டி பழுதாகிப் பின்சுவரில் பனி படர்ந்த காலத்தில் அந்தக் குப்பி உள்தட்டுக்கு மாற்றப்பட்டிருந்ததாக உதவியாளர் சொல்கிறார். அது உறைந்ததா என்பதை யாரும் குறித்து வைக்கவில்லை. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

குளிர்ப்பெட்டி (தடுப்பூசிச் சேமிப்பகம்)

வெட்கப்பட வேண்டாம். பனி படர்ந்த பின்சுவர் இல்லாத குளிர்ப்பெட்டியை நான் இன்னும் பார்க்கவில்லை. ஒரு வட்டாரச் சேமிப்பகத்தில் நான் பொறுப்பேற்ற முதல் வாரத்தில், டி.டி. (டிப்தீரியா, இரண ஜன்னி) தடுப்பூசிக் குப்பிகள் ஐஸ் பெட்டியில் பனிக்கட்டியை ஒட்டி நேரடியாக அடுக்கப்பட்டிருந்தன. குளிர்ச்சி எவ்வளவு கூடினாலும் நல்லதுதான் என்று அங்கிருந்தவர்கள் நம்பினார்கள்.

டிப்தீரியா, இரண ஜன்னி, கக்குவான் இருமல் ஆகியவற்றைத் தடுக்கும் கூட்டு ஊசிகள் 2 முதல் 8 டிகிரி செல்சியசுக்குள் இருக்க வேண்டும், உறையக் கூடாது. டாக்ஸாய்டு அங்கே அலுமினிய உப்பின் நுண்துகள்களில் ஒட்டியிருக்கிறது. உறைந்தால் துகள்கள் கூடித் திரண்டுவிடும், உருகிய பின் பழைய நிலைக்குத் திரும்பாது. அன்று நாங்கள் செய்தது குலுக்கல் சோதனை. அதே பேட்சில் ஒரு குப்பியை வேண்டுமென்றே உறைய வைத்து உருக்கி, ஐயத்துக்குரிய குப்பியையும் அதையும் ஒரே கையில் பிடித்துக் குலுக்கி, மேசைமேல் அருகருகே வைத்துப் பார்த்தோம். உறைந்த குப்பியில் திப்பிதிப்பியாகத் துகள்கள் கீழே இறங்கி, அரை மணி நேரத்துக்குள் மேலே தெளிந்த நீரும் அடியில் படிவுமாகப் பிரிந்தது. ஐயத்துக்குரிய குப்பிகளில் இரண்டு அதே வேகத்தில் தெளிந்தன. அந்தப் பெட்டி முழுவதையும் ஒதுக்கிவைத்தோம். குப்பியின் மேல் ஒட்டியிருக்கும் வெப்பங்காட்டிச் சதுரம் அப்போதும் வெளுப்பாக, நல்ல நிலையையே காட்டிக்கொண்டிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அது பட்ட வெப்பத்தைக் கூட்டி வைக்குமே தவிர, உறைந்ததை ஒருநாளும் சொல்லாது.

உறைதலால் நேர்ந்த பழைய விபத்து ஒன்றும் உண்டு. டாக்ஸாய்டு வழக்கத்துக்கு வருமுன் நச்சையும் நச்சுமுறியையும் கலந்து தடுப்பூசியாகப் போட்டார்கள். 1924இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அந்தக் கலவை கடுங்குளிரில் உறைந்து, பின் உருகி, குழந்தைகளுக்குப் போடப்பட்டுக் கடுமையான எதிர்விளைவுகள் ஏற்பட்டன. நீர் பனியாகும்போது, கெடாமலிருக்கச் சேர்த்திருந்த ஃபீனால் உறையாத மீதித் திரவத்தில் செறிந்து, நச்சுமுறியைச் சிதைத்து, கட்டுண்டிருந்த நச்சை விடுவித்தது என்று ஆய்வில் தெரிந்தது. பாதுகாக்கச் சேர்த்த பொருளும் பாதுகாக்கும் குளிரும் கைகோத்துக்கொண்டு கெடுத்த நிகழ்வு அது.

நான்கு ஆண்டுகள் கழித்து ஆஸ்திரேலியாவின் பண்டபெர்க்கில் நேர்ந்தது இதற்கு எதிர்த்திசை. அங்கே ஃபீனால் போன்ற கிருமித்தடுப்பான் சேர்க்காத கலவைக் குப்பி, ரப்பர் மூடியில் பலமுறை ஊசி குத்தப்பட்டு, கோடைக்காலத்தில் குளிரூட்டாத அலமாரியில் இருந்தது. 1928 ஜனவரியில் அதிலிருந்து ஊசி போடப்பட்ட 21 குழந்தைகளில் 12 பேர் இறந்தார்கள். நுண்ணுயிரியலாளர் மெக்ஃபார்லேன் பர்னெட் குப்பியில் ஸ்டாஃபைலோகாக்கஸ் என்ற வேறொரு பாக்டீரியா வளர்ந்திருப்பதைக் கண்டார். டிப்தீரியா நச்சு அங்கே குற்றவாளியே இல்லை.

மரபிழை

சேமிப்பைப் பற்றி நன்றாக எழுதிவிட்டீர்கள். நான் பாக்டீரியாவின் பக்கத்தை எடுத்துக்கொள்கிறேன்.

டிப்தீரியா நச்சின் மரபணு பாக்டீரியாவின் சொந்தச் சொத்தன்று. அதைத் தொற்றும் பேஜ் என்னும் வைரஸ் கொண்டுவந்து சேர்த்தது. நச்சற்ற ஸ்ட்ரெயின்கள் பேஜ் பட்டதும் நச்சுள்ளவையாக மாறுவதை விக்டர் ஃப்ரீமன் 1951இல் காட்டினார். மரபணு வைரசினுடையது, ஆனால் அதைத் திறந்து மூடும் காவலாள் பாக்டீரியாவினுடைய புரதம். அந்தக் காவலாள் இரும்பைப் பார்த்து நடப்பவர்: செல்லுக்குள் இரும்பு போதிய அளவு இருந்தால் இரும்பு அணுக்களோடு சேர்ந்து மரபணுவின் வாயிலில் அமர்ந்துகொள்வார்; இரும்பு அருகினால் எழுந்துவிடுவார், நச்சு உருவாகும். மனித உடல் இரும்பைப் புரதங்களில் பூட்டி வைத்திருப்பதால், இரும்புப் பஞ்சம் என்பது தான் ஒரு விருந்தோம்பியின் உடலுக்குள் இருப்பதன் அடையாளம் என்று பாக்டீரியா எடுத்துக்கொள்கிறது போலும்.

ஒரே ஸ்ட்ரெயின், ஒரே செய்முறை, ஆனால் பேட்சுக்குப் பேட்ச் வேறு விளைச்சல் என்று தடுப்பூசி ஆய்வகங்கள் நெடுங்காலம் திண்டாடியதற்கு, ஊடகத்தில் அறியாமல் கலந்திருந்த நுண்ணளவு இரும்பும் ஒரு காரணம் என்பதை 1936இல் பாப்பென்ஹைமரும் ஜான்சனும் காட்டினார்கள். எலெக் ஊடகத்திலும் அகார், பெப்டோன், சீரம் ஆகியவற்றின் ஒவ்வொரு புதுப் பேட்சையும் கட்டுப்பாட்டு ஸ்ட்ரெயின்களால் சோதித்த பிறகே பயன்படுத்த வேண்டும் என்பதற்கு வேர் இங்கே இருக்கிறது. செவ்வந்தி அவர்களின் இரண்டாம் மூத்தவர் முழுத் தவறாகச் சொல்லவில்லை.

முதலாம் மூத்தவர் சொன்னதும் உண்மையில் உள்ள ஒன்றுதான். மரபணுவில் ஓர் எழுத்து விடுபட்டு, படிப்பு நடுவழியில் முறிந்துபோன ஸ்ட்ரெயின்கள் பல நாடுகளில் கிடைத்திருக்கின்றன. பி.சி.ஆர். அவற்றில் மரபணுவைக் காணும்; ஆனால் எலெக் ஒருபோதும் கோட்டைக் காட்டாது. இன்னொரு வகை, புரதம் முழுதாக உருவாகியும் நஞ்சற்றதாக இருப்பது. சி.ஆர்.எம். 197 என்ற மாற்றுருவில் 52ஆம் இடத்து அமினோ அமிலமான கிளைசின் குளுட்டாமிக் அமிலமாக மாறியதால், அது கொல்லாது, ஆனால் நோயெதிர்ப்பாற்றல் அதை அடையாளம் காணும். நிமோகாக்கஸ் தடுப்பூசியில் சர்க்கரைச் சங்கிலிகளைச் சுமக்கும் புரதமாக இன்று பயன்படுவது அதுவே. எர்லிக் அலமாரியில் கண்ட பிரிவினையை இங்கே ஒற்றை எழுத்தின் மாற்றம் செய்துகாட்டியிருக்கிறது.

நேர்கேள்வி

எல்லாம் சரி. ஆனால் இத்தனை நொய்மையான சோதனையை ஏன் இன்னும் கட்டி அழ வேண்டும்? சீரத்தின் பேட்ச் மாறினால் மாறுகிறது, குளிர்ப்பெட்டி பழுதானால் மாறுகிறது. பி.சி.ஆர். சில மணி நேரத்தில் தெளிவான விடை தருகிறது. எலெக்கை அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிடலாம் என்பது என் கருத்து.

வெள்ளைக்கோடு

பி.சி.ஆரில் மரபணு இல்லை என்று நம்பகமாக வந்தால் தேடல் அங்கேயே முடிகிறது. அந்த அளவில் உங்களோடு உடன்படுகிறேன். மரபணு இருக்கிறது என்று வந்தால்தான் எலெக்கின் வேலை தொடங்குகிறது. மரபிழை விளக்கிய முறிந்த மரபணுக்காரரையும் உண்மையான நச்சுக்காரரையும் பி.சி.ஆர். ஒரே வரிசையில் உட்கார வைக்கும். உடன் படித்த பிள்ளைகளுக்கும் வீட்டாருக்கும் மருந்து கொடுப்பது, ஊர் முழுதும் தடுப்பூசி முகாம் நடத்துவது போன்ற முடிவுகள் அந்த வேறுபாட்டைப் பொறுத்தவை. சோதனை நொய்மையானது என்பதால் அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அது நொய்ந்திருப்பதைக் காட்டிக்கொடுக்கும் கட்டுப்பாட்டை உடன் வைத்தால் போதும்.

செவ்வந்தி அம்மா, 3984ஐ எழுப்புங்கள். பழைய நச்சுமுறி, புதிய பேட்ச் நச்சுமுறி என இரண்டு தட்டுகளை ஒரே நாளில், ஒரே ஊடகத்தில் போடுங்கள். 24 மணியிலும் 48 மணியிலும் பாருங்கள். அதற்குமேல் காத்திருந்தால் தொடர்பில்லாத கோடுகள் முளைத்துக் குழப்பும். உங்கள் ஸ்ட்ரெயினைக் கட்டுப்பாட்டுக்கு அடுத்தே கீற்றுங்கள். இரண்டின் கோடுகளும் நடுவில் வளைந்து ஒன்றாக இணைந்தால் அது அதே நச்சு. ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போனால் வேறு ஏதோ.

ஏடுபுரட்டி

அவர் தட்டுப் போட்டு வருவதற்குள் ஒரு சிறு சேர்க்கை. மெலிந்த நச்சு தவறான ஆறுதலைத் தரும் என்பதற்கு ஷிக் சோதனை நல்ல சான்று. 1913இல் பேலா ஷிக் வகுத்த அந்தச் சோதனையில், மிகச் சிறிதளவு நச்சைத் தோலுக்குள் செலுத்துவார்கள். சிவந்தால் எதிர்ப்பாற்றல் இல்லை, சிவக்காவிட்டால் உண்டு. நீர்த்த நச்சு விரைவில் வலுவிழக்கும் என்பதால், பழைய கரைசலைக் கொண்டு சோதித்த பிள்ளை சிவக்காமல் போய், பாதுகாப்பு உள்ளவர் பட்டியலில் சேர்ந்துவிடும் ஆபத்து இருந்தது. செவ்வந்தியின் கோடில்லாத தட்டும் ஷிக்கின் சிவக்காத தோலும் ஒரே வகைப் பிழை.

டாக்ஸாய்டு தடுப்பூசியான கதையும் ஆய்வகத் தற்செயல்தான். லண்டன் வெல்கம் ஆய்வகங்களில், நீராவிக் கிருமிநீக்கிக்குள் அடங்காத பெரிய நச்சுக் கலங்களை ஃபார்மலின் கொண்டு கழுவி வந்தார்கள். கலத்தில் எஞ்சிய ஃபார்மலின் நச்சை நஞ்சற்றதாக்கியதையும், அது அப்போதும் எதிர்ப்பாற்றலைத் தூண்டியதையும் 1904இல் அலெக்சாண்டர் கிளென்னி கவனித்தார். பிரான்சில் காஸ்தோன் ரமோன் 1923இல் அதை முறையான தடுப்பூசியாக்கினார். கெட்டுப்போனது என்று கொட்டியிருக்க வேண்டிய திரவம் அது.

ஆயினும் அந்த மாற்றம் முழுமையாக நடந்ததா என்று ஒவ்வொரு கலத்திலும் பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1948இல் ஜப்பானின் கியோட்டோவிலும் ஷிமானேயிலும் 80க்கும் மேற்பட்ட உயிர்கள் விலையாகின. சோதிக்கப்பட்ட மாதிரி நன்றாக இருந்தது, போடப்பட்ட குப்பிகளில் சில நன்றாக இல்லை.

செவ்வந்தி

தாமதத்துக்கு மன்னிக்கவும், 3984 இரண்டாம் முறைதான் எழுந்தது.

பழைய நச்சுமுறிப் பட்டை வைத்த தட்டில் 10648 கோடு போட்டது, 3984 போடவில்லை, எங்கள் ஸ்ட்ரெயினும் போடவில்லை. புதிய பேட்ச் பட்டை வைத்த தட்டில் 24 மணியில் 3984க்கு மங்கலான ஒரு கீற்று. விளக்கின் எதிரே தட்டைச் சாய்த்துப் பிடித்தால் மட்டும் தெரிந்தது. எங்கள் ஸ்ட்ரெயினுக்கும் அதே போன்ற கீற்று வந்து, 48 மணியில் இரண்டும் தெளிந்து, பக்கத்துக் கட்டுப்பாட்டின் கோட்டோடு வில்லாக வளைந்து சேர்ந்தன. நச்சு சுரக்காத கட்டுப்பாடு சுத்தமாக இருந்தது. மேலாய்வகத்துக்கு அனுப்பிய மாதிரியிலும் இதே முடிவுதான் வந்திருக்கிறது. குழந்தைக்கு ஐயத்தின் பேரில் முதல் நாளே சீரம் செலுத்தப்பட்டிருந்ததால் எங்கள் பிழை அதைத் தொடவில்லை. ஆனால் உடன் பழகியவர்களைத் தேடும் பணி, எங்கள் முதல் அறிக்கையால் நான்கு நாள் தளர்ந்திருந்தது.

பழைய குப்பியை என் ஆசிரியர் எறிய விடவில்லை. "கட்டுப்பாட்டில் தோற்றது" என்று சிவப்பு மையில் எழுதி, அடுத்த ஆண்டு மாணவர்களுக்குக் காட்ட வைத்திருக்கிறார்.

குளிர்ப்பெட்டி

காட்டுவதற்கு வைக்கட்டும், ஆனால் பயன்பாட்டுக் குப்பிகள் இருக்கும் தட்டில் வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். இன்னொரு நாள் இன்னொருவர் அவசரத்தில் எடுத்துவிடுவார், சிவப்பு மையும் ஈரத்தில் அழியும்.

செவ்வந்தி

சொல்லிவிட்டேன். இப்போது அது அவருடைய மேசை இழுப்பறையில் இருக்கிறது.